எங்கேயும் போகும் வண்டி

முத்திரை ஆய்வாளர் அந்த வண்டியை வாங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. காடு, மலை, காட்டாறு, பாலைவனம் எதுவானாலும் அஞ்சாமல் போகும் என்று சொல்லித்தான் விற்றார்கள். அதில் பொய் இருந்ததாகச் சொல்ல முடியாது. எட்டு மாதத்தில் ஒரு காடோ மலையோ ஆய்வாளரின் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் குறுக்கே வந்து நின்று அதைச் சோதித்துப் பார்க்கவில்லை. குறுக்கே இருந்தவை ஒரு மருந்துக்கடை முக்கு, இரண்டு சிக்னல், ஒரு தையல்கடை. இவற்றைக் கடக்கத்தான் வண்டிக்கு மூச்சு வாங்கியது.

மருந்துக்கடை முக்கில் சாதாரணக் காரை ஒரே ஒடிப்பில் திருப்பிவிடலாம். இதற்கு ஐந்து ஒடிப்பு வேண்டும். காலை ஒன்பது பத்துக்கு உறுமல் கேட்டதும் மருந்துக்கடைக்காரர் எண்ணிக்கொண்டிருந்த மாத்திரையை அப்படியே விட்டுவிட்டு வெளியே வருவார். எதிரே தையல்கடையிலிருந்து கழுத்தில் அளவு நாடாவோடு தையற்காரம்மா வருவார். "வா, வா, வா, இன்னும் வா, போதும்" என்பார் அவர். "நல்லா ஒடிங்க சார், வெக்கப்படாம ஒடிங்க" என்பார் இவர். அதற்கு முன் பதினோரு வருஷம் அந்த இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வண்டியால் உலகத்துக்கு விளைந்த நன்மை என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால் அதைச் சொல்லலாம்.

ஆய்வாளரின் வேலை, கடைகளில் இருக்கும் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவது. தப்பாக இருந்தால் நிராகரிப்புச் சீட்டு எழுதிக் கையில் கொடுப்பது. இருபத்து நாலு வருஷமாக இதைச் செய்துவருகிறார். ஒரு ஆளைப் பார்த்தால் அவர் எத்தனை கிலோ என்று தானாகவே மனசுக்குள் முள் போய் நிற்கும். அலுவலகத்தில் புதிதாகச் சேருபவர்களுக்கு அவர் சொல்லும் முதல் பாடம், "பொட்டலத்து மேல அச்சடிச்சிருக்கிறதை நம்பாதே. நீயா அளந்து பாரு."

இப்படிப்பட்ட மனிதர் ஐம்பத்தொரு வயதில், ஒரு ஷோரூம் கண்ணாடிக்குள் நின்ற வண்டியைப் பார்த்த அந்த நிமிஷத்தில், தான் உண்மையில் ஒரு வேட்டைக்காரன் என்றும் யாரோ சதி செய்து தன்னைத் தராசுக்கு நடுவே உட்காரவைத்துவிட்டதாகவும் உணர்ந்தார்.

வண்டியின் சக்கரம் அவர் மனைவியின் இடுப்புயரம். பக்கவாட்டில் கூரைவரை ஏறும் ஒரு மூக்குக்குழாய். கழுத்தளவு தண்ணீரில் போனாலும் என்ஜின் மூச்சுவிடுமாம். அது இதுவரை நீந்தியது பக்கத்து வீட்டு மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்த தண்ணீரில். முன்னால் ஒரு வின்ச். பள்ளத்தில் விழுந்த வண்டியை இரும்புக் கயிறு கட்டி இழுக்க. அந்தக் கயிற்றை மரத்தில் கட்டி நீட்டி மனைவி ஒருநாள் படுக்கை விரிப்புகளைக் காயப்போட்டுவிட்டார். அன்று ஆய்வாளர் ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பின்கதவில் மாட்டியிருந்த உபரிச் சக்கரத்தின் கனத்தில், கதவு திறந்தால் ஒரு மீட்டர் தூரத்துக்கு யாரும் நிற்கமுடியாது. சுவரோரம் நிறுத்தினால் திறக்கவே திறக்காது. ஆகவே வீட்டுக்கு வாங்கிய வெங்காயம் முன்சீட்டு வழியாக ஏறி, பின்சீட்டைத் தாண்டி, திரும்ப அதே வழியில் இறங்கியது.

இதற்கெல்லாம் மேலே, கூரையில், ஆய்வாளரே ஆசைப்பட்டுத் தனியாகப் பொருத்திய இரும்புச் சட்டம். கூடாரம், எண்ணெய் டின், மண்வெட்டி எல்லாம் ஏற்றிப் போக. மனைவி அதைக் கட்டில் என்பார்.

ஆய்வாளரின் மனைவி ஒரு பள்ளிக்கூட டீச்சர். வீட்டுக்குள்ளேயும் அவருக்கு அதுதான் பெயர். உள்ளே உட்கார்ந்தால் சக்கரச் சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. அதனால் வண்டிக்குள் இருவரும் சைகையில்தான் குடும்பம் நடத்தினார்கள். ஏறி இறங்க அவர் ஒரு நீலப் பிளாஸ்டிக் முக்காலி வைத்திருந்தார். ஏறியபின் குனிந்து அதை உள்ளே தூக்கிப்போட வேண்டும். கார் ஓட்டவும் தெரியும் அவருக்கு. ஆனால் இதன் கிளட்சை மிதிக்க எழுந்து நிற்கவேண்டும், எழுந்து நின்றால் சாலை தெரியாது.

டீச்சருக்கு அன்றைக்குப் பெரிய நாள். தலைமையாசிரியை பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் வந்துவிட்டது. எந்தப் பள்ளிக்கூடம் என்பதுதான் பாக்கி, அதை அன்று கல்வி அலுவலகத்தில் ஒதுக்குவார்கள். காலியாக இருந்தவை இரண்டு. ஒன்று, அவர்கள் வீட்டிலிருந்து ஏழு நிமிஷ நடை. அதன் மணி அடித்தால் அடுப்படியில் கேட்கும். இன்னொன்று, ஊருக்கு வெளியே மேட்டுக்கு மேலே. பஸ் அடிவாரத்தோடு நின்றுவிடும், அதற்குமேல் ஆறு கிலோமீட்டர் கல்லும் குழியும். போன தலைமையாசிரியர் ஓய்வுபெற்ற பிறகு இரண்டு வருஷமாக யாரும் அங்கே போகவில்லை.

பதினேழு வருஷமாக இரண்டு பஸ் மாறிப் போகிறவர் டீச்சர். காலைச் சாப்பாட்டை நின்றபடி, கையில் செருப்போடு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே விழுங்குகிறவர். "எனக்குப் பெரிசா ஒண்ணும் வேணாம். காலையில ஒருநாளாவது உட்காந்து சாப்பிடணும்" என்று முந்தின வாரம் அவர் சொன்னபோது, ஆய்வாளருக்கு ஏனோ தட்டிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

"நான் ஆட்டோவில போயிக்கிறேன்" என்றார் டீச்சர், காலையில்.

"இன்னைக்கா? ஆட்டோவிலயா? ஒரு தலைமையாசிரியை வந்து இறங்குற மாதிரி இறங்க வேணாமா?"

"இறங்குறது பத்தி இல்லீங்க. ஏறுறதுதான்."

"முக்காலி எடுத்து வச்சிட்டேன்."

கல்வி அலுவலகம் இருந்த கட்டடத்தில் வண்டிகளுக்கு அடித்தளத்தில் இடம். ஒருபக்கச் சரிவில் இறங்கி மறுபக்கச் சரிவில் ஏற வேண்டிய ஒருவழிப் பாதை. வாசலில் ஒரு பலகை: உயரம் 2.1 மீட்டர்.

டீச்சர் பலகையைக் காட்டிச் சைகை செய்தார். ஆய்வாளர் என்ஜினைத் தணித்தார்.

"நம்ம வண்டி நூத்தித் தொண்ணூத்தஞ்சு சென்டிமீட்டர். பதினஞ்சு மிச்சம் இருக்கு."

"கட்டிலோட சேத்தா?"

"கம்பெனிக்காரன் புத்தகத்துல அச்சடிச்சிருக்கான். எனக்கே அளவு சொல்லித் தரியா?"

வண்டி சரிவில் இறங்கியது. முதல் உத்தரத்துக்கடியில் நுழைந்ததும் தலைக்குமேல் ஒரு நீளமான கிறீச்சல் கேட்டது. வண்டி ஒருமுறை குலுங்கி நின்றது. ஆய்வாளர் பின்னால் எடுத்துப் பார்த்தார். சட்டத்தின் பின்கம்பி உத்தரத்தின் விளிம்பில் மாட்டிக்கொண்டு இன்னொரு கிறீச்சல். முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. மலையை ஏறப் பிறந்த வண்டி, சிமெண்டுக் கூரைக்கடியில் தலையில் அடிபட்ட மாதிரி நின்றது.

காவலாளி ஓடிவந்தார். "சார், போர்டு பாக்கலையா?"

"பாத்தேன். நான் நூத்தித் தொண்ணூத்தஞ்சு."

காவலாளி அண்ணாந்து பார்த்தார். "உத்தரம் அப்படி நினைக்கலையே சார்."

ஆய்வாளர் கைப்பையிலிருந்து நாடாவை எடுத்து ஏறி அளந்தார். சட்டத்தோடு சேர்த்து இருநூற்றுப் பதினாலு. இருபத்து நாலு வருஷத்தில் முதல்முறையாக அவர் ஒரு பொட்டலத்து மேல் அச்சடித்திருந்ததை நம்பியிருந்தார். அந்தப் பொட்டலத்துக்குள் இப்போது அவர்தான் இருந்தார்.  டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நாற்பது. பதினொரு மணிக்கு மாடியில் இருக்கவேண்டும்.

"நீ போம்மா. மாடிக்கு நடந்து போயிடு. நான் பாத்துக்கிறேன்."

"போயி யாரைப் பாக்குறது?" டீச்சர் பின்பக்கம் திரும்பிக் கண்ணால் காட்டினார். சரிவில் அவர்களுக்கு நேர் பின்னே சிக்கியிருந்த வெள்ளைக் காரிலிருந்து, கோப்பு ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கினவர், அன்றைக்குப் பள்ளிக்கூடம் ஒதுக்கவிருந்த கல்வி அதிகாரியேதான். அவருக்குப் பின்னே பைக்கில் சரித்திர வாத்தியார். அதே பட்டியலில் டீச்சருக்கு அடுத்த பெயர். அதே ஏழு நிமிஷப் பள்ளிக்கூடத்தின் மேல் அவருக்கும் ஒரு கண். மூன்றாவதாக ஒரு மளிகைக்கடை வேன். அதற்குப் பின்னே சாலைவரை ஹாரன்.

"யாருப்பா இந்தக் கோட்டையைக் கொண்டாந்து இங்க நிறுத்தினது?" என்றார் கல்வி அதிகாரி.

"என் வீட்டுக்காரர் சார்" என்றார் டீச்சர். ஒளிப்பதற்கு இடமும் இல்லை.

சட்டத்தைக் கழற்றலாமே என்றார் சரித்திர வாத்தியார். கழற்றலாம்தான். ஆனால் அது திருட்டுப் போகாமலிருக்கத் தனிச் சாவி போட்ட திருகாணிகளால் பூட்டப்பட்டிருந்தது. சாவி வீட்டு பீரோவில் பத்திரமாக இருந்தது. டயரில் காற்றை இறக்கலாம் என்றார் காவலாளி. நாலு சக்கரமும் பெருமூச்சு விட்டன. வண்டி கொஞ்சம் தாழ்ந்து, மாட்டின கம்பி விடுபட்டது. ஆனாலும் சட்டத்தை உத்தரம் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆய்வாளர் மறுபடி நாடாவை வைத்தார்.

"இன்னும் ரெண்டு சென்டிமீட்டர் இறங்கணும். இதோட ஸ்பிரிங் கெட்டி. நூறு கிலோ ஏத்தினா அரை சென்டிமீட்டர் இறங்கும். அப்ப நானூறு கிலோ வேணும்." அந்த ஒரு நிமிஷம் அவர் தொழிலுக்குத் திரும்பியிருந்தார். குரலில் தெம்பு வந்தது. சுற்றி நின்றவர்களை வரிசையாகப் பார்த்தார். "காவலாளி அம்பத்தெட்டு. வாத்தியார் எழுபத்திரண்டு. சார் நூத்தி நாலு."

கல்வி அதிகாரி கோப்பை வயிற்றுக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். "நூத்தி ரெண்டு."

"எப்ப பாத்தீங்க சார்?"

"போன வருஷம்."

"அதான்."

மளிகைக்கடைக்காரர் வேனிலிருந்து இறங்கி வந்து பார்த்தார். வண்டியையும் உத்தரத்தையும் பார்த்ததைவிட ஆய்வாளரின் முகத்தைத்தான் நிதானமாகப் பார்த்தார். போன மாதம்தான் அவர் கடைத் தராசு பதினைந்து கிராம் தப்பு என்று ஆய்வாளர் நிராகரிப்புச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்.

"பதினஞ்சு கிராமுக்குச் சீட்டு கொடுத்தீங்களே சார். இது எத்தனை சென்டிமீட்டர்?"

"நாலு" என்றார் ஆய்வாளர்.

"எனக்கென்ன கணக்கு?"

"தொண்ணூத்தொண்ணு."

"ஏறிக்கிறேன். இந்தப் பாக்கியம் எல்லாருக்கும் கிடைக்காது."

மொத்தம் முந்நூற்று இருபத்தைந்து. டீச்சரும் ஆய்வாளரும் முதலிலேயே உள்ளே இருந்தவர்கள், கணக்கில் சேரமாட்டார்கள். எழுபத்தைந்து குறைகிறது. கடைக்காரர் வேனில் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டைகள் இருந்தன.

"சரியா இருபத்தஞ்சா?" என்றார் ஆய்வாளர், வாய் தவறி.

"நீங்க அப்புறம் வந்து முத்திரை குத்தின தராசுதான் சார்."

மூன்று மூட்டையும் பின்னால் போயிற்று, அவற்றின்மேல் காவலாளி. பின்சீட்டில் டீச்சர், வாத்தியார், கடைக்காரர். கல்வி அதிகாரிக்கு மட்டும் இதில் ஏறத் தயக்கம். ஆனால் பன்னிரண்டு மணிக்கு மேலதிகாரியின் கூட்டத்துக்குக் கிளம்ப அவருக்கு அந்த வெள்ளைக் கார் வேண்டும். இந்த வண்டி நகராமல் அது நகராது. டீச்சர் முக்காலியை எடுத்து வைத்தார். ஒரு காலை முக்காலியில் வைத்து, ஒரு காலை ஆகாயத்தில் வைத்து, பின்னாலிருந்து வெள்ளைக் காரின் டிரைவர் ஒரு தள்ளு தள்ள, நூற்று நாலு கிலோ முன்சீட்டில் வந்து அமர்ந்தது. வண்டி முனகிக்கொண்டு தாழ்ந்தது. மேலே ஒரு கிறீச்சலும் இல்லை.

"யாரும் இறங்கக் கூடாது" என்றார் ஆய்வாளர். "மூணு மீட்டருக்கு ஒரு உத்தரம் இருக்கு. அந்தப் பக்கம் வெளிய போற வரைக்கும் எல்லாரும் இப்படியே இருக்கணும். குனியலாம், இறங்கக் கூடாது."

காற்றில்லாத சக்கரத்தில், நடப்பவரைவிட மெதுவாக, வண்டி நகர ஆரம்பித்தது. அவ்வளவு மெதுவாகப் போனதால் அதில் முதல்முறையாக மனிதக் குரல் கேட்டது.

கல்வி அதிகாரி மணியைப் பார்த்தார். "பதினொண்ணு ஆகுது. ரெண்டு பேரும் இங்கதானே இருக்கீங்க. இங்கேயே முடிச்சிடுவோம்." கோப்பை மடியில் விரித்தார். முட்டி முன்பலகையில் இடித்தது. "ஆமா, இந்த வண்டி மேடு மலையெல்லாம் ஏறுமா?"

எட்டு மாதம். எட்டு மாதமாக ஆய்வாளர் இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தார். அலுவலகத்தில் கேட்கவில்லை, தெருவில் கேட்கவில்லை, சொந்த மச்சான் கேட்கவில்லை. எல்லோரும் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்றுதான் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு மட்டும் அவர் காது மந்தமாகிவிடும்.

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? முப்பத்தஞ்சு டிகிரி சரிவுல நின்ன இடத்துலேர்ந்து ஏறும். கழுத்தளவு தண்ணில போகும். கல்லு, குழி, சேறு எதுவும் இதுக்கு ஒரு பொருட்டே இல்ல. ரோடே வேணாம் சார் இதுக்கு."

"பட்டத்து யானை மாதிரியில்ல இருக்கு" என்றார் சரித்திர வாத்தியார், பின்னாலிருந்து, தேன் சொட்ட. "ராஜாக்கள் காலத்துல இது ஒண்ணு இருந்திருந்தா பாதி சரித்திரம் மாறியிருக்கும். மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கெல்லாம் இதுல அரை மணி நேரம் சார், இல்லையா?"

"அரை மணியா? இருபது நிமிஷம்" என்றார் ஆய்வாளர்.

முதுகில் ஏதோ குத்தியது. டீச்சரின் குடைக்காம்பு. கண்ணாடியில் பார்த்தார். வண்டிக்குள் எட்டு மாதமாகப் பழகிய சைகை மொழி அத்தனையும் அந்த ஒரு முகத்தில் இருந்தது. அவருக்கு இன்னும் உறைக்கவில்லை.

"இருபது நிமிஷம்" என்று கல்வி அதிகாரி எழுதிக்கொண்டார். "நல்லதாப் போச்சு. ரெண்டு வருஷமா அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போக்குவரத்து வசதி இல்லைன்னு சொல்லித்தான் ஆளே போகலை. வாத்தியார்கிட்ட பைக்தான். டீச்சர்கிட்ட இப்பேர்ப்பட்ட வண்டி. அப்ப டீச்சருக்கு மேடு, வாத்தியாருக்கு டவுன். முடிஞ்சுது."

இரண்டாவது உத்தரம் தலைக்குமேல் போயிற்று.  முதுகிலிருந்து குடைக்காம்பு விலகிவிட்டது. அது விலகியதால்தான் ஆய்வாளர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியில் டீச்சர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பார்க்க ஒரு சிமெண்டுத் தூணைத் தவிர எதுவும் இல்லை. நின்றபடி, கையில் செருப்போடு சாப்பிடும்போது அவர் முகம் இப்படித்தான் இருக்கும்.

ஆய்வாளர் வண்டியை நிறுத்தினார்.

"சார். ஏறும்னு கம்பெனிக்காரன் சொல்றான்."

"நீங்க ஏத்தினதில்லையா?"

"இல்ல."

"கதவெல்லாம் சேறா இருக்கே?"

"அது எங்க தெருவுல குழாய் உடைஞ்சப்ப தெறிச்சது. நாலு மாசமா நான் கழுவலை."

காவலாளி மூட்டைமேல் உட்கார்ந்து முன்னால் சாய்ந்தார். இதை விட்டுவிடக் கூடாது என்று தோன்றிவிட்டது அவருக்கு.

"அடக்கமாச் சொல்றாரு சார்" என்றார் சரித்திர வாத்தியார் அவசரமாக. "பெரிய வீரருங்க எல்லாம் இப்படித்தான் பேசுவாங்க."

"அடக்கம் இல்ல வாத்தியாரே, அளவு" என்றார் ஆய்வாளர். ஆரம்பித்துவிட்டதால் நிறுத்தமுடியவில்லை. "மருந்துக்கடை முக்குல திரும்ப அஞ்சு ஒடிப்பு. மழை பேஞ்சா பிரேக் அடிச்சதும் கொஞ்சம் தன் இஷ்டத்துக்குப் போகும். அந்த டயர் சேத்துக்குன்னு செஞ்சது, தார் ரோட்டுக்கு இல்ல. உள்ள ஒரு மணி நேரம் உட்காந்தா ரெண்டு மணி நேரம் காது கொய்யுங்கும். போன மாசம் வழியில அஞ்சு தடவை டீசல் போட நிறுத்தினேன். பின்கதவு சுவத்துக்குப் பக்கத்துல திறக்காது. என் வீட்டுக்காரம்மா இதை ஓட்டணும்னா எழுந்து நின்னு ஓட்டணும். எழுந்து நின்னா ரோடு தெரியாது. நான் கொண்டுபோய் விடலாம்னா என் ஆபீஸ் எதிர்த்திசை. பள்ளிக்கூடத்து வாசல் வளைவுக்குள்ள இது நுழையுமான்னு அளக்கணும். இப்ப நான் எதையும் அளக்காம சொல்லமாட்டேன்."

ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் குரல் தணிந்துகொண்டே போயிற்று. ஆனால் கண்ணாடியில், டீச்சர் தூணிலிருந்து கண்ணை எடுத்திருந்தார்.

கல்வி அதிகாரி பேனாவை மூடித் திறந்தார். "வாயால சொன்னா கோப்புல நிக்காதே. சீனியர் அவங்க, ஆனா வண்டி வசதி இருக்குன்னு நானே எழுதிட்டேன். அதை அடிக்கணும்னா ஒரு காகிதம் வேணும். நாளைக்கு யாராவது கேட்டா நான் எதைக் காட்டுவேன்?"

ஆய்வாளர் முன்பெட்டியைத் திறந்தார். உள்ளே எப்போதும் இருக்கும் காகிதக் கட்டு ஒன்றை எடுத்தார். மளிகைக்கடைக்காரர் அந்தக் கட்டை அடையாளம் கண்டுகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். மேலே உத்தரம் இருந்ததால் ரொம்ப நிமிரவில்லை.

நிராகரிப்புச் சீட்டு. ஆய்வாளர் ஸ்டீயரிங் மேல் வைத்து எழுதினார்.

சோதிக்கப்பட்ட பொருள் என்ற இடத்தில், தராசு என்பதை அடித்துவிட்டு, வண்டி என்று எழுதினார். கண்ட பிழை என்ற இடத்தில் வரி போதவில்லை, பின்பக்கமும் எழுதினார். முடிவு: அன்றாடப் பயன்பாட்டுக்குத் தகுதியற்றது, நிராகரிக்கப்பட்டது. உரிமையாளர் பெயர் எழுதினார். சோதித்த அதிகாரி பெயர் எழுதினார். இரண்டும் ஒரே பெயர்.

"உரிமையாளரும் நீங்க, அதிகாரியும் நீங்களா?" என்றார் கல்வி அதிகாரி.

"அதனாலதான் சார் நம்பலாம். சொந்தப் பொருளை எவன் நிராகரிப்பான்?"

கல்வி அதிகாரி சீட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். அவருடைய வேலைக்காலத்தில் இப்படி ஒரு காகிதம் அவர் கைக்கு வந்ததில்லை. ஆனால் காகிதம் என்று ஒன்று வந்துவிட்டதால் மனசு லேசாகியிருந்தது. "சாட்சி வேணும்."

"நான் போடுறேன்" என்றார் மளிகைக்கடைக்காரர், கேட்டு முடிப்பதற்குள். இரண்டு கையெழுத்துப் போடும் அளவு இடத்தில் ஒரே கையெழுத்தாக, நிதானமாக, சுழித்துப் போட்டார். "தேதியும் போடட்டுமா சார்? எனக்கு நீங்க போட்டீங்களே."

காவலாளி மூட்டைமேலிருந்து கையை நீட்டித் தன் பங்குக்கு இரண்டாம் சாட்சி ஆனார்.

"இது எந்தச் சட்டத்துல வருது?" என்றார் சரித்திர வாத்தியார். தேன் வற்றியிருந்தது.

"வாத்தியாரே, உங்க வீடு எங்க இருக்கு?" என்றார் கல்வி அதிகாரி கோப்பைப் புரட்டிக்கொண்டே.

வாத்தியார் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார்.

"அடிவாரம்னு போட்டிருக்கு. பஸ் நிக்கிற இடத்துலயா?"

"கொஞ்சம் தள்ளி சார்."

"தள்ளின்னா, மேல் பக்கமா தள்ளியா?"

பின்சீட்டில் ஒரு இருமல்தான் கேட்டது. கல்வி அதிகாரி எழுதியதை அடித்தார், அடித்ததற்குப் பக்கத்தில் கையெழுத்திட்டார், நிராகரிப்புச் சீட்டைக் கோப்பில் செருகினார். டீச்சருக்கு டவுன் பள்ளிக்கூடம். வாத்தியாருக்கு மேடு. ஆணைகளைப் பின்னால் நீட்டினார். டீச்சர் தன்னுடையதை வாங்கி ஒருமுறை படித்தார், இன்னொருமுறை படித்தார், மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு கையை முன்னால் நீட்டி, ஆய்வாளரின் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த சிமெண்டுத் தூசியைத் தட்டிவிட்டார். அந்தச் சைகைக்கு என்ன அர்த்தம் என்று ஆய்வாளருக்குத் தெரியும். ஆகவே வண்டியை உடனே கிளப்ப அவரால் முடியவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

மற்ற உத்தரங்கள் ஒவ்வொன்றாகக் கடந்தன. மறுபக்கச் சரிவில் ஏறும்போது, ஆறு பேரும் மூன்று மூட்டையும் சேர்ந்து கனத்ததால், மலையேறும் வண்டி ஒருமுறை நின்றது.  ஆய்வாளர் மறுபடி கிளப்பினார். வெளிச்சத்துக்கு வந்தார்கள்.

காவலாளி இறங்கினார், வண்டி கொஞ்சம் உயர்ந்தது. மூட்டைகள் இறங்கின. மளிகைக்கடைக்காரர் இறங்கி, ஆய்வாளரிடம் கையை நீட்டிக் குலுக்கினார். "இனிமே நீங்க கடைக்கு வந்தா எனக்குப் பயம் இல்ல சார்."

சரித்திர வாத்தியார் இறங்கினார். இரண்டு அடி நடந்து திரும்பி வந்தார். கோபம் பாதிதான் மிச்சமிருந்தது. "சார், என் பைக்குக்கும் இந்த மாதிரி ஒரு சீட்டு கிடைக்குமா?"

"உங்க பைக்கை இப்பதான் பாத்தேன் வாத்தியாரே. நல்ல பைக். எங்கேயும் போகும்."

கல்வி அதிகாரிக்காக டீச்சர் முக்காலியை வைத்தார். அவர் இறங்கினார். ஆனால் போகவில்லை. வெள்ளைக் கார் பின்னாலேயே வந்து நிற்க, டிரைவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மணிக்கு மேலதிகாரியின் கூட்டம். கல்வி அதிகாரி சக்கரத்தைப் பார்த்தார். வின்ச்சைப் பார்த்தார். மூக்குக்குழாயை அடியிலிருந்து நுனிவரை கண்ணால் ஏறிப் பார்த்தார். பேண்டில் பட்ட சேற்றைத் தட்டப்போய், தட்டாமல் விட்டார். தெருவில் போகும் நாலு பேர் தன்னை அந்த வண்டியோடு சேர்த்துப் பார்த்துவிட்டுப் போனதும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஆய்வாளரைக் கொஞ்சம் ஓரமாக அழைத்தார்.

"இது கருப்புல வருதா?"

ஆய்வாளர் திரும்பி மனைவியைப் பார்த்தார். டீச்சர் முக்காலியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "கேக்குறாரில்ல, சொல்லுங்க" என்றார்.

"வருது சார்" என்றார் ஆய்வாளர். "உங்க வீட்டுலேர்ந்து ஆபீஸ் எவ்வளவு தூரம்?"

"நடந்து போற தூரந்தான்."

"அப்ப தாராளமா வாங்கலாம் சார்."